தண்டவாளம் போற ஊருக்கு மட்டும்: கோலாலம்பூர் டு பினாங்கு டைரி

2025 ஜூலை 10, வியாழன். கோலாலம்பூர்

முதல்லயே சொல்லிடறேன், இது வழக்கமான மலேசியா டூர் இல்ல. கெந்திங் இல்ல, லங்காவி இல்ல, ட்வின் டவர் முன்னாடி ஒரே ஒரு போட்டோ, அதுவும் அத்தை அடம்பிடிச்சதால. திருச்சியில டிராவல்ஸ்காரர் குடுத்த பேக்கேஜ் பேப்பர அப்பா ஒரு தடவ படிச்சுட்டு "இதுல ஒரு ரயில் கூட இல்லையேம்மா"ன்னு மடிச்சு பூஜை ரூம்ல வச்சுட்டார், அதோட அந்தக் கதை முடிஞ்சது. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா சேர்ந்து அங்கயே ரிட்டயர் ஆன மனுஷன். ஊட்டி மலை ரயிலுக்கு ஸ்டீம் இஞ்சின் செஞ்சு குடுத்த ஒர்க்‌ஷாப்புன்னு யாரு கெடச்சாலும் சொல்லுவார், பஸ் கண்டக்டர்கிட்ட கூட. அதனால எங்க பிளான் ரொம்ப சிம்பிள். மேற்குக் கரை லைன் எந்த ஊருக்குப் போகுதோ அங்க எறங்குவோம், போகாத ஊரு நமக்கு வேணாம். அப்பா, அப்பாவோட தங்கச்சி அதாவது எங்க அத்தை, நான். அம்மா முட்டி வலின்னு வரல, "உங்க அப்பாவோட ரயில் பாக்க நான் பாஸ்போர்ட் வேற எடுக்கணுமா"ன்னுதான் நெஜமான காரணம்.

ஏர்போர்ட்ல இருந்து கே.எல். சென்ட்ரலுக்கு, அதாவது கோலாலம்பூர் மெயின் ஸ்டேஷனுக்கு, எக்ஸ்பிரஸ் ட்ரெயின் ஆளுக்கு 55 ரிங்கிட். ஒரு ரிங்கிட் அன்னிக்கு நம்ம காசுக்கு சுமார் இருபது ரூபா. அத்தை மனக்கணக்குல புலி, "ஆயிரத்து நூறு ரூபாயா, அதுல நான் மெட்ராஸ் போய்ட்டு வந்து மிச்சத்துல புடவையும் எடுப்பேன்"ன்னு அங்கயே நின்னுட்டாங்க. பஸ்ல போனா அதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகாதுதான், ஆனா அப்பா ஏற்கனவே கேட்டுக்குள்ள போய்ட்டார், என்ன பண்றது. அரை மணி சொச்சத்துல வந்து சேர்ந்துட்டோம், வழி பூரா செம்பனைத் தோட்டம்.

ரூம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம். புக் பண்றப்ப போட்டோல அழகா ஒரு திரைச்சீலை இருந்துச்சு. அத்தை காத்து வரட்டும்னு இழுத்தாங்க, பின்னாடி சுவரு. ஜன்னலே கெடையாது. கீழ கேட்டா "ஜன்னல் ரூம் வேற ரேட்டு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ராத்திரிக்கு ரூமுக்கு 10 ரிங்கிட் டூரிசம் வரி தனியா கட்டணும், அது பில்லுல வரும், தயாரா இருங்க.

சாயங்காலம் தெருவுல எறங்குனா மல்லியப்பூ வாசம், பூ கட்டுற அம்மாக்கள், வாசல்ல ஸ்பீக்கர்ல பழைய பாட்டு, பாத்திரக்கடை, ஜோசியக்காரர். அத்தைக்கு ஏமாத்தமாப் போச்சு, "ஏண்டி ஃப்ளைட்டு ஏறி சின்னக்கடை வீதிக்கா வந்தோம்"னாங்க. அப்பாவுக்கு வேற யோசனை. கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் 2001ல தொறந்தது, அதுக்கு முன்னாடி அந்த எடம் பூரா ரயில்வே யார்டு, இந்த ஏரியாவுல ரயில்வே குவார்ட்டர்ஸ், அதுல கிளார்க்கா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவங்க யாழ்ப்பாணத் தமிழர் நெறைய, தண்டவாளத்துல கல்லு தட்டுனவங்க நம்ம பக்கத்து ஆளுங்க. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே படிச்சு வச்சிருக்கார். வாழை இலை சாப்பாட்டுக் கடையில சாம்பார் ஊத்த வந்த தம்பிகிட்ட "இங்க குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம் இருந்துச்சு"ன்னு கேட்டார். அந்தப் பையன் "எல்லாம் இடிச்சாச்சுங்கய்யா, கட்டடம் வந்திருச்சு"ன்னு சொல்லிட்டு அப்பளம் ரெண்டு சேத்து வச்சான்.

ஜூலை 11, வெள்ளி. பத்துமலை

காலையில டீக்கடைக்காரம்மா "பசியாறியாச்சா ஐயா"ன்னு கேட்டாங்க. அன்னில இருந்து பாத்த எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க, பேரு ஊரு எல்லாம் அப்புறம்தான்.

பத்துமலைக்கு கொம்யூட்டர், அதாவது லோக்கல் ட்ரெயின், கோயில் வாசல் கிட்டக்கவே ஸ்டேஷன், ரெண்டரை வெள்ளிக்குப் பக்கத்துல டிக்கெட். இங்க தமிழாளுங்க ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்றாங்க, ரெண்டாவது நாளே எங்களுக்கும் அது ஒட்டிக்கிச்சு. அப்பா காலியா இருக்கற பெட்டியா பாத்து ஏறி ஜன்னல் ஓரமா சாஞ்சுக்கிட்டார். பெட்டி பூரா பிங்க் ஸ்டிக்கர். ஒரு மலாய்க்கார பாட்டி எந்திரிச்சு வந்து, ரொம்ப மரியாதையா, கட்டைவிரல மடக்காம நீட்டி ஸ்டிக்கரைக் காட்டுனாங்க. லேடீஸ் பெட்டி. அப்பா குடுகுடுன்னு அடுத்த பெட்டிக்கு ஓட, அத்தை எடம் காலியாச்சுன்னு கால நீட்டிக்கிட்டாங்க.

முருகன் சிலை 42.7 மீட்டர், போட்டோல பாத்தத விட நேர்ல பெருசு. 272 படி, 2018ல அடிச்ச கலரு இப்பவும் பளிச்சுனு இருக்கு. அத்தை நூறாவது படியில உக்காந்து பையத் தொறந்தாங்க, குரங்கு வந்து வாழைப்பழத்தோட சேத்து கண்ணாடிக் கூட்டையும் தூக்கிட்டுப் போயிருச்சு. கூடுதானே, கண்ணாடி மூக்குல இருந்துச்சு, முருகன் காப்பாத்திட்டான்.

மதியம் நல்ல மழை. சாயங்காலம் பழைய ரயில்வே ஸ்டேஷன். 1910ல கட்டுனது, ஹப்பக்னு ஒரு வெள்ளக்கார ஆர்க்கிடெக்ட், குவிமாடமும் வளைவுமா ஏதோ அரண்மனைன்னே நினைப்பீங்க. இப்ப கொம்யூட்டர் மாதிரி சில ட்ரெயின்தான் நிக்குது, ஆளே இல்ல. அப்பா பிளாட்ஃபாரத்து ஓரத்துல குனிஞ்சு தண்டவாளத்துக்கு நடுவுல கண்ணால அளந்துட்டு "மீட்டர் கேஜ்"னார். மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு. நம்மூர்ல மீட்டர் கேஜ பிராட் கேஜா மாத்துனப்ப அவரு வாழ்க்கைல பாதி வேலை காயலான் கடைக்குப் போச்சு, அந்த வருத்தம் அவருக்கு உண்டு.

ஜூலை 12, சனி. ஈப்போ

ஈ.டி.எஸ்.ங்கற ஸ்பீடு ட்ரெயின். கே.எல்.ல இருந்து ஈப்போ ரெண்டரை மணி நேரம், டிக்கெட் நாப்பது வெள்ளிக்கு முன்னப்பின்ன. சனி ஞாயிறு, ஸ்கூல் லீவு, தீபாவளி, பெருநாள்னா வாரக்கணக்குல முன்னாடியே போட்டுடணும், எங்களுக்கு மூணு சீட்டும் வேற வேற எடத்துலதான் கெடச்சுது.

சுத்தம், சத்தமே இல்ல, கதவு தானா மூடிக்குது, கடலை விக்கிறவர் கெடையாது, டீ டீன்னு கத்துறவர் கெடையாது. அப்பாவுக்கு இது ஒரு குறை. "ரயில்ல போற மாதிரியே இல்ல, ஆஸ்பத்திரியில போற மாதிரி இருக்கு"ன்னார். ஆனா பெட்டிக்குள்ள இருக்கற போர்டுல வேகம் 140ன்னு காட்டுனதும் எந்திரிச்சு என் சீட்டுக்கு வந்துட்டார். "மீட்டர் கேஜ்ல நூத்தி நாப்பதும்மா! நம்ம ஊர்ல எண்பது தாண்டுனா டிரைவர விசாரிப்பாங்க." நம்மள மாதிரியே 25 கிலோவோல்ட் கரண்டு கம்பிதானாம், அதுல ஒரு ஆறுதல் அவருக்கு. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்கன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்லியிருந்தா, அவளுக்கு புண்ணியமாப் போகட்டும்.

அப்பா பக்கத்து சீட்ல ஒரு ரிட்டயர்டு தமிழ்ப்பள்ளி வாத்தியார். இங்க இன்னும் ஐந்நூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அரசாங்க உதவியோட நடக்குது, தெரியுமா? அவரோட தாத்தா நாமக்கல் பக்கத்துல இருந்து வந்து தண்டவாள கேங்க்ல வேலை பாத்தவராம். "ஊருல எங்களுக்கு யார் இருக்காங்கன்னு தெரியாதுங்க, ஊரு பேரு மட்டும் தெரியும், அதுவும் பாட்டி சொன்ன விதத்துல"ன்னார். அப்பா உடனே போனத் தொறந்து மேப்ல நாமக்கல் சுத்துப்பட்டு கிராமம் ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சுட்டார். ஈப்போ வர்ற வரைக்கும் படிச்சாங்க. கெடைக்கல. எறங்குறப்ப வாத்தியார் அத்தையோட பெட்டியத் தானே தூக்கி வெளிய டாக்சி வரைக்கும் வந்தார், வேணாம்னா கேக்கல.

ஈப்போ ஸ்டேஷனும் அதே ஹப்பக் கட்டுனதுதான், 1917. வெள்ளையா பெருசா முன்னாடி புல்வெளியோட. மத்தபடி ஊரு சனிக்கிழமை கூட்டத்துல நசுங்கிக் கெடந்துச்சு, பழைய சந்து ஒண்ணுல எல்லாரும் போட்டோ எடுக்க நிக்கிறாங்க, நாங்க ஒரு வெள்ளைக் காபியக் குடிச்சுட்டு வெளிய வந்துட்டோம். காபி நல்லாருக்கு, கும்பகோணம் டிகிரி காபி குடிச்சு வளந்த அத்தையே ரெண்டாவது கப் கேட்டாங்க. பிரச்சினை சாப்பாட்டுலதான். ஈப்போ முளைப்பயறு கோழிக்குப் பேர்போன ஊரு, அத்தைக்கு சனிக்கிழமை பெருமாள் விரதம். நாங்க கோழி சாப்பிட, அத்தை எதிர்ல உக்காந்து வெறும் முளைப்பயறு தட்ட மட்டும் காலி பண்ணிட்டு, "அதுல கோழி ரசம் ஊத்தியிருக்காங்க"ன்னு பக்கத்து டேபிள் தமிழ்ப்பொண்ணு சொன்னப்புறம் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

ஜூலை 13, ஞாயிறு. பத்து காஜா

தண்டவாளம் போற ஊரு மட்டும்ங்கற ரூல இன்னைக்கு கொஞ்சம் வளைச்சோம், பத்து காஜாவுல ஸ்டேஷன் இருக்கு, ஆனா நாங்க கார்ல போனோம். கெல்லி கோட்டை. ஸ்காட்லாண்டுல இருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித்னு ஒரு ரப்பர் தோட்டக்காரர் 1915 வாக்குல பெரிய மாளிகை கட்ட ஆரம்பிச்சார். மெட்ராஸ்ல இருந்து கொத்தனாருங்கள வரவழைச்சு, செங்கல் எல்லாம் கப்பல்ல. லிஃப்ட் வைக்க இடம்லாம் விட்டிருக்கார், லிஃப்ட் வரல. நடுவுல ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நம்ம ஆளுங்க செத்துப்போனாங்க. மிச்சம் இருந்தவங்க மாரியாத்தாவுக்குக் கோயில் கட்டிக் குடுங்க துரைன்னு கேட்டாங்க, கட்டிக் குடுத்தார். அவரே 1926ல லிஸ்பன்ல நிமோனியாவுல போய்ட்டார், மாளிகை பாதியில நின்னு போச்சு.

எல்லாரும் மாளிகையில கல்யாண போட்டோ எடுக்கறாங்க. நாங்க கொஞ்ச தூரத்துல இருக்கற அந்தக் கோயிலுக்குப் போனோம். கோயில் மேல சாமி சிலைங்க வரிசையில தொப்பி போட்ட துரை ஒருத்தர் நிக்கறார். அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டே "சாமிகூட நின்னுக்கிட்டார் பாத்தியா, செத்தவங்க பேரு எங்கயாவது எழுதியிருக்கா?"ன்னாங்க. நாங்க சுத்தித் தேடுனோம், எங்க கண்ணுல படல. பூசாரி வெள்ளைப் பொங்கல் குடுத்தார், சூடா, மிளகு தூக்கலா. இந்தப் பயணத்துல இதுவரைக்கும் அத்தை விலை கேக்காம சாப்பிட்ட ஒரே சாப்பாடு.

ஜூலை 14, திங்கள். தைப்பிங்

இந்த நாளுக்காகத்தான் அப்பா வந்தார்னே சொல்லலாம்.

ஈப்போவுல இருந்து தைப்பிங் ஒரு மணி நேரத்துக்குள்ள. நடுவுல பெராப்பிட் மலைய குடைஞ்சு 3.3 கிலோமீட்டர் குகை, திடீர்னு காது அடைக்குது, வெளிய வந்தா பச்சையும் மேகமும். தைப்பிங் மலேசியத் தீபகற்பத்துலயே அதிகமா மழை பெய்யற ஊரு. நாங்க எறங்குனப்ப வெயில் மண்டையப் பொளந்துச்சு, டீக்கடையில ஒரு பெரியவர் வானத்தப் பாத்து "மூணு மணிக்கு வரும்"னார். அந்தக் காலத்துல இங்க மழை எத்தன மணிக்கு வரும்னு பந்தயம் கட்டுவாங்களாம்.

மலாயாவோட முதல் ரயில் இங்கதான் ஓடுச்சு, 1885 ஜூன் 1. தைப்பிங் வெள்ளீயச் சுரங்கத்துல இருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, சுமார் 13 கிலோமீட்டர், ஈயத்தக் கப்பலுக்கு கொண்டு போக. சுரங்கம் தோண்டுன பள்ளந்தான் இப்ப லேக் கார்டன், தண்ணிய எட்டிப் பாத்துக்கிட்டு தூங்குமூஞ்சி மரங்க ரோட்டுக்கு மேல கெளைய நீட்டி நிக்குது, அத அத்தையோட உக்காந்து அரை நாள் பாக்கலாம், ஆனா அப்பா விடல. போர்ட் வெல்ட் போகணும். இப்ப அதுக்குப் பேரு கோலா செப்பேத்தாங், மீன் பிடிக்கிற சீனக் கிராமம், ஆத்தோரம் மாங்குரோவ் காடு, கரி சுடுற சூளைங்க.

ரயில் எல்லாம் எப்பவோ நின்னு தண்டவாளத்தையும் எடுத்துட்டாங்க. மிச்சம் ஒரு டிக்கெட் கூண்டு, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். பக்கத்துலயே காபிக்கடை, மோட்டார் பைக்குங்க, ஒரு நாய். பலகையில நாலு எழுத்து: இங்கிலீஷ், ஜாவி (மலாய எழுதுற அரபி எழுத்து), சீனம், தமிழ். அப்பா தமிழ விரலால தொட்டுப் பாக்கறார். 1885ல ஓடுன லைன்ல, தமிழ்ல எழுதி வைக்கணும்னா படிக்கறதுக்கு அங்க ஆளு இருந்திருக்கணும்ல. "நம்ம ஸ்டேஷன் போர்டுல கூட தமிழுக்கு சண்டை போட்டுருக்கோம்"னு சொல்லிட்டு, பலகையோட கால எப்படி நட்டிருக்காங்க, பெயிண்ட் எத்தன கோட்டுன்னு ஆராய்ச்சி. நான் மி ஊடாங் கடையில இறால் நூடுல்ஸ் ஆர்டர் பண்ணிட்டு வந்து பாத்தா இன்னும் அங்கயே நிக்கறார். நூடுல்ஸ்ல விரல் தண்டி இறால், இனிப்பும் காரமுமா குழம்பு, அத்தை தலைய ஆட்டி ஆட்டி சாப்பிட்டு கடைசியில "ஒரு தட்டு நம்ம காசுக்கு நானூறு"ன்னாங்க, தட்டு காலியானப்புறம்.

மூணு மணின்னா மூணு மணிக்கு மழை வந்துச்சு. சாதாரண மழை இல்ல, எதிர்ல இருக்கற கடை தெரியல. ஆப்ல கார் தேடுறேன், சுத்துது சுத்துது, ஒருத்தரும் வரல. ஒரு மணி நேரம் கடை வாசல்ல நின்னோம். சீனக் கடைக்காரம்மா பேசாம மூணு ஸ்டூல் கொண்டு வந்து போட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு சூடா டீயும். அப்புறம் ஒரு தமிழ்க் குடும்பம், சின்ன வேன், மீன் வாங்க வந்தவங்க, எங்க பேச்சு காதுல விழுந்து "தைப்பிங்கா? ஏறுங்க, ஏறுங்கக்கா, நனையாதீங்க"ன்னுட்டாங்க. வேன்ல அஞ்சு பேரு, மீன் பெட்டி, நாங்க மூணு பேரு. அந்த அண்ணன் ஓட்டுறார், அவரோட வீட்டுக்காரங்க திரும்பி உக்காந்து அத்தைகிட்ட சமயபுரத்துல கூட்டம் எப்படி, தங்கம் என்ன வெல, பட்டுப்புடவை எந்தக் கடையில நல்லாருக்கும்னு ஒரே கேள்வி. ஹோட்டல் வாசல்லயே விட்டாங்க. அப்பா காசு எடுத்தார், அண்ணனுக்கு கோவமே வந்துருச்சு. அத்தை பையில இருந்த மணப்பாறை முறுக்கு பாக்கெட்ட மட்டும் வாங்கிக்கிட்டாங்க. ராத்திரி வரைக்கும் எங்க எல்லாரு மேலயும் மீன் வாசம்.

ஜூலை 15, செவ்வாய். பினாங்கு

தைப்பிங்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு ஸ்பீடு ட்ரெயின் எடுக்காம கொம்யூட்டர்ல போனோம், எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும், விலையும் கொறச்சல். புக்கிட் மேரா ஏரிக்கு நடுவுல மூணரை கிலோமீட்டர் பாலம், ரெண்டு பக்கமும் தண்ணி. பாம்பன் ஞாபகம் வராம இருக்காது. ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட தமிழ்ப் பசங்க ஒருத்தன் நோட்ட ஒருத்தன் பாத்து அவசர அவசரமா எழுதிக்கிட்டிருந்தாங்க, எங்களப் பாத்ததும் "அங்கிள் ஊருங்களா, ரஜினிய நேர்ல பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. இல்லன்னதும் மதிப்பு போயிருச்சு.

பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே படகுத்துறை. ஆளுக்கு 2 ரிங்கிட், காசு வாங்கறதில்ல, கார்டு தட்டணும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல தீவு. ஆனா அந்தப் பதினஞ்சு நிமிஷம் அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சே வரல. அவங்களோட பெரியப்பா ஒருத்தர் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல எறங்கினவர், திரும்பி வரவே இல்ல, ரெண்டு லெட்டர் மட்டும் வந்துச்சு. அத்தை அவர பாத்ததே கெடையாது. "இந்தத் தண்ணியிலதான் வந்திருப்பார்"னு மட்டும் சொன்னாங்க.

கரைக்குப் பேரு வெல்ட் கீ. போர்ட் வெல்ட்ல இருந்த அதே வெல்டு, இந்தப் பக்கத்துக்கு கவர்னரா இருந்தவர். கொஞ்சம் தள்ளி மணிக்கூண்டோட ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம், இப்ப கஸ்டம்ஸ் ஆஃபீஸ். அது அந்தக் காலத்து ரயில்வே ஸ்டேஷன். தீவுக்குத் தண்டவாளமே வரல! இங்க டிக்கெட் வாங்கிட்டு, படகுல அக்கரைக்குப் போயி ரயில் ஏறணும். அப்பா ரோட்டுக்கு எதிர்ல நின்னு சிரிக்க ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல, போற வர்றவங்க எல்லாம் பாக்கறாங்க. "ரயிலே இல்லாத ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர், அந்தப் போஸ்டிங் எனக்கு குடுத்திருக்கலாம்"னார்.

மதியம் நாசி கண்டார். வரிசையில நிக்கணும், கண்ணாடிக்குப் பின்னாடி இருபது வகை குழம்பு, பரிமாறுறவர் தமிழ் முஸ்லிம் அண்ணன், ராமநாதபுரம் பக்கமாம், கை நிக்காது. சோறு, கோழி, முட்டை, வெண்டைக்காய், அதுக்கு மேல எல்லாக் குழம்பும் கலந்து வெள்ளமா ஊத்தறார். எனக்கும் அப்பாவுக்கும் பதினஞ்சு பதினாறு வெள்ளி ஆச்சு. அத்தை பெரிய இறால கையக் காட்டி ரெண்டு வாங்கிட்டாங்க. கல்லாவுல அவங்க தட்டு மட்டும் நாப்பதத் தாண்டிருச்சு. இறால், கணவா, மீன் முட்டை இதெல்லாம் விலை கேக்காம தொடாதீங்க. ஆனா அந்தக் குழம்பு, அடடா, கலந்து ஊத்துனா கெட்டுப்போகும்னு நெனச்சேன், கலந்தாத்தான் ருசி.

சாயங்காலம் சுலியா தெரு. நாகூர் தர்கா இங்க ஒண்ணு இருக்கு, ஆயிரத்து எண்ணூறுகளோட தொடக்கத்துல நம்ம கடக்கரை ஆளுங்க கட்டுனது. கேப்டன் கெலிங் பள்ளிவாசல் 1801, குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833, சீனக் கோயில் ஒண்ணு, எல்லாம் கூப்பிடு தூரத்துல. அத்தை தர்காவுல சக்கரை வச்சு பெரியப்பா பேரச் சொல்லி ஓதச் சொன்னாங்க. பேரு சொல்லத் தெரிஞ்சுது, எந்த வருஷம்னு கேட்டப்ப அப்பாவப் பாத்தாங்க, அவருக்கும் தெரியல. ஓதினவர் "பரவால்லம்மா, வருஷம் அவனுக்குத் தெரியும்"னார்.

ஜூலை 16, புதன். பினாங்கு

பினாங்கு மலை. 1923ல இருந்து ஓடுற கயிறு ரயில், இப்ப இருக்கறது புதுப் பெட்டி. பழனி விஞ்சுதான், ஆனா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மேல. வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட், உள்ளூர்க்காரங்களுக்கு அதுல பாதிக்கும் கம்மி, அத்தை "நாங்களும் தமிழ்தானே"ன்னு கவுண்டர்ல ஒரு முயற்சி பண்ணாங்க, அந்தத் தங்கச்சி சிரிச்சு "அப்படி கேட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா"ன்னு சொல்லிட்டா. உச்சியில முருகன் கோயில், பக்கத்துலயே பள்ளிவாசல், நல்ல குளிர், மேகம் வந்து ஊரையே மறைச்சுருச்சு, ஒண்ணும் தெரியல. தண்ணீர்மலை கோயிலுக்கு 513 படின்னு கேட்டதும் மூணு பேரும் கீழ இருந்தே கும்பிட்டோம்.

டூரியான் சீசன். ரோட்டோரத்துல பழம் வெட்டிக் குடுத்த சீனத் தாத்தா அத்தையோட மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தார். முதல் சுளை, மூக்கப் பிடிச்சுக்கிட்டு. ரெண்டாவது, பிடிக்காம. அப்புறம் நாங்க நிறுத்துனா கூட அவங்க நிறுத்தல. ஹோட்டலுக்குள்ள டூரியான் கொண்டு வந்தா அபராதம்னு லிஃப்ட்லயே படம் போட்டு ஒட்டியிருக்கு, அத்தை நாளைக்கு காலையில இன்னொன்னு வாங்கி வெளியவே உக்காந்து சாப்பிடறதா முடிவு.

ஜூலை 17, வியாழன். நடு வழி, அப்புறம் கோலாலம்பூர்

இன்னைக்கு ஆடி ஒண்ணு. அத்தை காலையில இருந்தே "நாளைக்கு ஆடி வெள்ளி, எனக்கு மாரியம்மன் கோயில் போகணும்"னு ஜபம். நாளைக்கு மதியம் ஃப்ளைட். நாலு மணி நேரத்துல கே.எல்.னு டிக்கெட் சொல்லுது, ராத்திரி எட்டுக்கு ரூம், காலையில கோயில், எல்லாம் கணக்கா இருந்துச்சு.

சுங்காய்ங்கற ஸ்டேஷன் தாண்டி கொஞ்ச தூரம், வெளிய கருகும்முனு, காத்து, மழை, ட்ரெயின் மெதுவாகி நின்னுச்சு. முன்னாடி எங்கயோ மரம் விழுந்து கரண்டு கம்பிய இழுத்துருச்சாம். ஏசி நின்னுச்சு, பாதி லைட்டு நின்னுச்சு. ஜன்னல் தொறக்க முடியாத பெட்டி வேற.

ஒருத்தரும் கத்தல, எனக்கு அதுதான் ஆச்சரியம். பத்து நிமிஷம் கழிச்சு எதிர்ல இருந்த மலாய்க் குடும்பம் டப்பாவத் தொறந்து இனிப்புக் கொழுக்கட்டைய எல்லாருக்கும் நீட்டுனாங்க, அத்தை பதிலுக்கு கடைசி பாக்கெட் முறுக்கு, சீன காலேஜ் பொண்ணு சிப்ஸ். குழந்த ஒண்ணு அழுதுக்கிட்டே இருந்துச்சு, ஆளு மாத்தி ஆளு தூக்கி நடந்தாங்க. அப்பா டாய்லெட் பக்கம் இருந்த ஸ்டாஃப் தம்பிகிட்ட போயி பேச ஆரம்பிச்சுட்டார், அவனும் தமிழ்ப் பையன், புதுசா சேர்ந்தவன், போன்ல ஆளாளுக்கு திட்டு வாங்கிக்கிட்டிருந்தான். "நிதானமா இருப்பா, கம்பி அறுந்தா முதல்ல சப்ளைய கட் பண்ணி எர்த் போடணும், அதுக்கப்புறம்தான் மரத்த தொடுவாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி ஆகவே ஆகாது, அதையே ஜனங்ககிட்ட சொல்லு, பொய் சொல்லாத"ன்னார். அந்தப் பையன் நெஜமாவே பெட்டி பெட்டியாப் போயி ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டு வந்தான். எல்லாரும் தலையாட்டி, செருப்பக் கழட்டி, கால மடக்கி உக்காந்தாங்க. அரை மணிக்கு ஒரு தடவ வந்து "ஐயா, இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பாங்க"ன்னு அப்பாகிட்ட கேட்டுட்டுப் போனான். மூணு மணி நேரம் ஆச்சு. லைட்டு வந்ததும் யாரோ கை தட்டுனாங்க, அப்பா வாட்ச்ச பாத்துட்டு "ஒரு மணி நேரம் தப்பா சொல்லிட்டேன்"னு வருத்தப்பட்டார்.

கே.எல். வந்து சேர்றப்ப பதினொன்றரைக்கு மேல. நல்லவேளை மாமக் கடைங்க, அதாவது தமிழ் முஸ்லிம்காரங்க சாப்பாட்டுக் கடைங்க, விடிய விடிய தொறந்திருக்கும். ரொட்டி சனாய், பருப்புக் குழம்பு, தே தாரேக்ங்கற ஆத்துன டீ, மூணு பேருக்கும் சேத்து இருபது வெள்ளிக்குள்ள, இந்தப் பயணத்துலயே மலிவான சாப்பாடு. அப்பா டேபிள்ல ரயில்வே மேப்ப விரிச்சுட்டார். கெமாஸ்ல இருந்து தும்பாட் வரைக்கும் கிழக்குக் கரைப் பக்கம் காட்டுக்குள்ள போற லைன், 526 கிலோமீட்டர், டீசல் இஞ்சின். கரண்டு கம்பியே கெடையாது, மரம் விழுந்தாலும் வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்ங்கறார். அடுத்த வருஷமாம்.

"நீங்க ரெண்டு பேரும் போய்க்கங்க, என்னய பினாங்குலயே விட்டுருங்க"ன்னு அத்தை ரொட்டியப் பிச்சாங்க, "அந்தத் தாத்தா கடை எந்த மாசம் வரைக்கும் இருக்கும்னு கேட்டு வச்சிருக்கேன்."